ஊசியின் தட்டைப் பக்கம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்று அந்தத் தையல் மிஷின் நன்றாகத்தான் தைத்துக்கொண்டிருந்தது. அதைத் தைக்கவிடாமல் செய்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்வதைத் தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் இரண்டு மடங்கு எழுத வேண்டிவரும் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் பார்த்தவன் நான்.

மிஷின் வாங்கக் காரணம் என் மனைவியின் வலது தோள். போன மழைக்காலத்தில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. தோள்மூட்டுதான் இறுகிப்போய் நின்றுவிட்டது. கையை இடுப்புக்கு மேலே தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பயிற்சி கொடுக்க வந்த பெண், “ஆறு மாசத்துலயும் சரியாவும், ஒரு வருஷமும் ஆவும்” என்றாள். எத்தனையோ மனுதாரர்களுக்கு நானே சொல்லி அனுப்பிய பதில் அது என்பதால் மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரவிக்கைக் கையில் கையை நுழைப்பதுதான் பெரும்பாடு. வலதுகையை முதலில் நுழைக்க வேண்டும், பிறகு முதுகைச் சுற்றி இடதுகை, பிறகு கொக்கிகள். இந்த வரிசையை நான்தான் வகுத்தேன். தினமும் காலையில் அதை நிறைவேற்றுவதும் நானே. நாலாவது நாள் அவள் என்னை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டாள்.

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கோணிப்பையில மூட்டை கட்டற மாதிரி பண்றீங்க.”

அன்றிலிருந்து நைட்டிதான். நைட்டியோடு வாசலுக்குப் போகமாட்டாள். வாசலுக்குப் போகாதவள் கோயிலுக்கும் கடைக்கும் எப்படிப் போவாள். நாலு மாதமாக அவள் கண்ட வெளியுலகம் எங்கள் மொட்டைமாடி மட்டும். அப்படியிருக்கும்போதுதான் அவள் தம்பி திருவெண்ணெய்நல்லூரிலிருந்து போன் செய்தான். பேத்திக்குக் காதுகுத்து. அக்கா வந்தாக வேண்டும்.

“வர முடியாதுப்பா. உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்ல” என்றாள், எதிரே சிப்பிப்பாறை நாய் மாதிரி திடமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்தாள். அவளே சொன்னாள்.

“என் ஜாக்கெட்ட நானே போட்டுக்கினு கிளம்ப முடிஞ்சா வர்றேன். அங்க போயி சொந்தக்காரிங்க நாலு பேரு சேர்ந்து எனக்குத் துணி மாட்டி வுட்றதுக்கு நான் என்ன கொலு பொம்மையா?”

பயிற்சிப் பெண்ணிடம் கேட்டோம். அவள் ஒரு வழி சொன்னாள். ரவிக்கையின் வலதுபக்கத் தையலை, கைமுனையிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை, முழுவதும் பிரித்துவிட வேண்டும். பிரித்த இரண்டு ஓரங்களிலும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையைத் தைத்துவிட்டால் கையை நுழைக்கவே வேண்டாம். துணியைக் கையின்மேல் போர்த்தி, இடதுகையால் அழுத்தி ஒட்டிக்கொள்ளலாம். எளிமையான யோசனை. எனவே யாரும் செய்துதர முன்வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தையல்காரர், “முகூர்த்தம் முடியட்டும் சார்” என்றார். அடுத்த தெருக்காரர் பட்டையை வாங்கிப் பார்த்து, “இது ஷூவுக்கு வைக்கறது சார். ஜாக்கெட்ல இந்த மாடலே கிடையாது” என்று திருப்பிக் கொடுத்தார். நானே கையால் தைத்துப் பார்த்தேன். முதல் இழுப்பில் பட்டை தனியாகவும் துணி தனியாகவும் வந்தன.

காதுகுத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மூன்று நாள் கழித்து, ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. விழுப்புரத்தில் கால்மிஷின் ஒன்று விற்பனைக்கு. போனேன். விற்றவர் கோட்டக்குப்பத்திலிருந்து விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாள், ஐம்பது வயதிருக்கும். மகன் துபாயில் இருக்கிறான். அம்மாவின் முழங்காலை நினைத்து மோட்டார் வைத்த புது மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தான். அதனால் கறுப்பு நிறப் பழைய மிஷின் ஓரமாக நின்றது. பூ வேலைப்பாடு பாதி அழிந்திருந்தது. அவர் உட்கார்ந்து ஒரு கந்தல் துணியை வைத்து ஓட்டிக் காட்டினார். சீராக, தானாகவே நகருவது போலத் துணி நகர்ந்தது.

“யாரு சார் தைக்கப்போறது? வீட்ல அக்காவா?”

“நான்தான்.”

அவர் சிரிக்காமல் இருக்க முக்காட்டை வாயருகே இழுத்துக்கொண்டார். “தெரியுமா சார் உங்களுக்கு? உக்காருங்க, பத்து நிமிஷம் காட்டித் தர்றேன்.”

“வேண்டாம்மா. எல்லாத்துக்கும் செய்முறைப் புத்தகம் இருக்கும். நான் படிச்சுக்கறேன்.”

“புத்தகம்லாம் என்கிட்ட கிடையாது சார். அப்ப ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. ஊசியயும் நூலயும் கழட்டிடாதீங்க. நான் எல்லாம் மாட்டியே அனுப்பறேன். வேற கலர் நூல் வேணும்னா, இருக்கற நூல மேல கட் பண்ணிட்டு, புது நூல அந்த முனையில முடிச்சு போட்டு, ஊசிப் பக்கத்துலேர்ந்து மெதுவா இழுங்க. தானா கோத்துக்கும். நானு இருவது வருஷமா அப்பிடித்தான் பண்ணிக்கினு இருக்கேன்.”

இருபது வருடமாக ஒருவர் குறுக்குவழியில் போய்க்கொண்டிருப்பது அதை முறையான வழி ஆக்கிவிடாது என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு சட்டைப்பையிலிருந்து, வீட்டிலேயே தயார் செய்து வந்த ஒப்படைப்புப் பட்டியலை எடுத்தேன். மிஷின் தலை ஒன்று. இரும்புக்கால் ஒன்று. தோல் பெல்ட் ஒன்று. பாபின் நான்கு. எண்ணெய்க் குப்பி ஒன்று. இரண்டு பிரதி. அவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

“நிக்காஹ்ல கூட இவ்வளவு கையெழுத்து வாங்கலயே சார்” என்றார்.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வந்தோம். சாப்பிட்டுவிட்டு உடனே பொறுப்பேற்றேன். எந்த இருக்கையில் பொறுப்பேற்றாலும் முன்னவர் விட்டுப்போனதை அப்படியே நம்பி உட்காரக்கூடாது என்பது என் பழக்கம். அதனால் பலமுறை தப்பித்திருக்கிறேன். எனவே மிஷினில் இருந்த நூலை உருவினேன். ஊசியின் திருகைத் தளர்த்தி ஊசியை எடுத்தேன். அடிநூல் சுற்றியிருந்த பாபினையும் அதன் டப்பாவையும் கழற்றினேன். செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்றும் குறையவில்லை. எத்தனை என்று கேட்கப் பட்டியலில் இடம் இருந்தது. எப்படி இருந்தது என்று எழுதத்தான் இடம் விடவில்லை.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “கழட்டாதீங்கன்னு அந்தம்மா சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?”

“கழட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் மாட்டத் தெரியும்.”

“பார்ப்போம்” என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லுகிற விதத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

இணையத்தில் தேடி, எங்கள் மிஷினைப் போலவே இருந்த ஒன்றுக்கான செய்முறைப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். படத்தில் இருந்ததும் கறுப்பு, எங்களுடையதும் கறுப்பு. இருபத்தெட்டுப் பக்கம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, துளை போட்டு, நாடா கோத்து, உறை மேல் தலைப்பு எழுதினேன். முக்கியமான வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். அதில் ஒரு வரி: ஊசியின் தட்டைப் பக்கம் இடதுபுறம் பார்த்திருக்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். அதற்கு இரண்டு கோடு போட்டேன்.

நூல் போகிற வழி எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அது கோப்பு போகிற வழிதான். மேலே நூல்கண்டு, தபால் பிரிவு. முதல் கொக்கி, இளநிலை உதவியாளர். இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன், கணக்குப் பிரிவு. அங்கே நூல் நின்று நிதானித்துத்தான் போகும். பிறகு மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டே இருக்கிற கம்பி. அதன் பதவியைச் சொல்லமாட்டேன், அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். கடைசியில் ஊசி. ஒரு மேசையைத் தாண்டிப் போனாலும் திரும்பி வந்துவிடும். இந்தக் கணக்கில் மூன்றாவது முயற்சியிலேயே ஒரு மேசை விடாமல் கோத்துவிட்டேன்.

ஊசிக்காதுதான் கண்ணுக்கு அகப்படவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு தூரத்தில் வருகிற பஸ்ஸின் எண் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற ஓட்டை தெரிவதில்லை. மனைவிதான் ஒரு வெள்ளைத் தாளை இடதுகையால் ஊசிக்குப் பின்னால் பிடித்தாள். காது தெரிந்தது.

“எச்சில் தொட்டுக்கோங்க.”

“புத்தகத்தில் அப்படி இல்லை.”

“புத்தகம் எழுதினவரும் தொட்டுக்கினுதான் இருப்பாரு. சொல்லமாட்டாரு.”

தொட்டுக்கொண்டேன். கோத்தது.

அடுத்தது கால். சக்கரம் நம் பக்கமாகச் சுற்ற வேண்டும். மிதித்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. நிறுத்தி, கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு மிதித்தால் நாலு சுற்று நல்லபடியாகச் சுற்றிவிட்டு மறுபடி எதிர்ப்பக்கம். ஆடுகிற கால் என்று பள்ளியில் அடிவாங்கியவன் நான். இப்போது ஆட்டு என்று சொன்னால் கால் விறைத்துக்கொள்கிறது. நூலில்லாமல் வெறும் தாளில் ஓட்டிப் பழகுமாறு யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். வீட்டில் தாளுக்கா பஞ்சம். என் வாழ்நாள் சான்றிதழின் பழைய நகல்களை எடுத்துக் கோடுகளின் மேலே ஓட்டினேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான அத்தனை ஆதாரங்களிலும் வரிசையாக ஓட்டை விழுந்தது. மூன்று நாளில் கால் வசப்பட்டுவிட்டது. கோடும் ஏறக்குறைய நேராக வந்தது. பெருமையாக ஒன்றை எடுத்து மனைவியிடம் காட்டினேன்.

“நல்லாத்தான் கிழிக்கறீங்க. தைக்கறது எப்போ?”

துணியை வைத்தேன். மிதித்தேன். கடகடவென்று ஓசை. துணியை எடுத்தேன். மேலே நூல் துணிமேல் நீளமாகப் படுத்திருந்தது. கீழே ஒன்றுமே இல்லை. ஊசி குத்தியிருக்கிறது, நூல் போயிருக்கிறது, ஆனால் அடிநூலைப் பிடிக்காமலே திரும்பி வந்திருக்கிறது. புத்தகத்தில் “குறைகளும் தீர்வுகளும்” என்று ஒரு பகுதி இருந்தது. டென்ஷனைக் கூட்டு என்றது, கூட்டினேன். குறை என்றது, குறைத்தேன். பாபினைத் திருப்பிப் போடு, எண்ணெய் விடு, நூலை மாற்று. ஒவ்வொன்றையும் செய்து, ஒரு நோட்டில் வரிசை எண், செய்தது, விளைவு என்று மூன்று பத்தியாக எழுதினேன். மூன்றாவது பத்தியில் “தைக்கவில்லை” என்று எழுதி, கீழே மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போனேன். ஒருமுறை மட்டும் அடியில் ஏதோ நூல் வந்தது. பூனை வாந்தி எடுத்தது போல ஓர் உருண்டை. அதைக் கத்தரித்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மிஷின் வந்து ஒன்பது நாள் போனது. மீதம் பத்து நாள்.

“ஏங்க, அந்தம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன்.”

“இன்னும் நாலு தீர்வு பாக்கி இருக்கு.”

“ஊருக்கெல்லாம் ‘நாளைக்கு வா’ன்னு சொன்ன ஆளுதான நீங்க. இப்ப மிஷினு உங்களுக்குச் சொல்லுது.”

சாதாரண நாளாக இருந்தால் இதற்கு என்னிடம் பதில் இருந்திருக்கும். ஆனால் அன்று காலை அவள் அலமாரியைத் திறந்து காதுகுத்துக்கென்று மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்ததை நான் பார்த்திருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது அவள் இடதுகையால் போனைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திரையைத் திருப்பினாள். விழுப்புரத்து அம்மாள்.

“சலாம் சார். மிஷினக் கொஞ்சம் கிட்டத்துல காட்டுங்க. இன்னும் கிட்ட. உங்க மூஞ்சி வேணாம் சார், ஊசிய காட்டுங்க.”

காட்டினேன். திரையில் அவர் முகம் நெருங்கி வந்தது.

“சார், ஊசிய யாரு கழட்டினது?”

“அது கழற்றப்பட்டது” என்றேன்.

“யாரால?”

பக்கத்திலிருந்து மனைவி, “சொல்லுங்க, யாரால?” என்றாள்.

“ஆய்வுக்காக.”

“அல்லாவே! தைக்கறதுக்கு ரெடியா அனுப்பி வெச்சேனே சார். ஊசிய திருப்பி மாட்டிக்கினு ஒம்பது நாளா அத பேஜாரு பண்ணியிருக்கீங்க. ஊசில ஒரு பக்கம் தட்டையா இருக்கும் பாருங்க. அது உங்க வலது கைப் பக்கம், சக்கரத்தப் பாத்துக்கினு இருக்கணும். நூலு இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் போவணும்.”

நான் நாடா கோத்த புத்தகத்தை எடுத்து, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்ட வரியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். “இதில் இடதுபுறம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே.”

“அது எந்த மிஷினுக்கோ போட்டிருக்காங்க சார். என் மிஷினு அதைப் படிச்சதில்ல.”

மனைவி சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. நாலு மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரிக்கிறாள் என்பதை நான் கவனித்தேன் என்றாலும் அந்த நேரத்தில் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. திருகைத் தளர்த்தினேன். ஊசியைத் திருப்பினேன். அவள் தாளைப் பிடித்தாள். நான் எச்சிலைத் தொட்டேன், இடமிருந்து வலமாகக் கோத்தேன்.

“இப்ப மேல்நூல இடது கையில புடிச்சிக்கினு, சக்கரத்த உங்க பக்கமா ஒரே ஒரு சுத்து சுத்துங்க சார். ஜல்தி வேணாம்.”

சுற்றினேன். ஊசி இறங்கியது, ஏறியது. மேல்நூலை இழுத்தேன். அடியிலிருந்து வெள்ளை நூல் ஒரு சின்ன வளையமாக எழுந்து வந்து நின்றது.

“வந்துச்சா சார்?”

“வந்தது.”

“இனிமே கழட்டாதீங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் வீட்டிலிருந்த கந்தல்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று தைத்துவிட்டேன். கைக்குட்டை இரண்டு தலையணை உறையோடு சேர்ந்துபோனது தற்செயல்.

பட்டைக்கு முதலில் ஒரு பழைய நூல் ரவிக்கையை எடுத்தோம். பிரிப்பது என் வேலை. தைப்பதைவிடப் பிரிப்பதில் எனக்குக் கை நன்றாக ஓடியது. பணி அனுபவம் என்றாள் மனைவி. வெல்க்ரோவில் சொரசொரப்பான பாதி ஒன்று, மெத்தென்ற பாதி ஒன்று. முதுகுப்பக்க ஓரத்தில் ஒன்று, மார்புப்பக்க ஓரத்தில் ஒன்று. எது எங்கே என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் முடிவுப்படி தைத்தேன். பட்டை கனமானது, கால் மெதுவாகத்தான் போக வேண்டும். முடித்து அவளிடம் கொடுத்தேன். உள்ளே போனாள். ஒரு நிமிடத்தில் குரல் வந்தது.

“சுரண்டுது! தேங்கா துருவியால துருவற மாதிரி இருக்கு. மெத்துனு இருக்கறது இல்ல உள்பக்கம் வரணும்? உங்க உடம்புல வெச்சுப் பாத்தா தைச்சீங்க?”

பிரித்தேன். மாற்றித் தைத்தேன். இந்த முறை புகார் வரவில்லை.

மிச்சம் அந்தப் புடவைக்கான பட்டு ரவிக்கை. ஐந்து நாள் இருந்தது. மேசையில் விரித்து, பிரிக்கும் கத்தியைத் தையலில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். பட்டில் ஊசி போட்ட இடம் தெரியும். தப்பாகத் தைத்துப் பிரித்தால் ஓட்டை ஓட்டையாக நிற்கும். பருத்தி மன்னித்துவிடும், பட்டு மன்னிக்காது.

“வேணாம்னா இப்பவே சொல்லிடு. இதுக்கப்புறம் கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“எழுதிக் குடுக்கணுமா?”

“வேண்டாம்.”

“அப்ப பிரிங்க.”

பிரித்தேன். ஓரத்தை மடித்து, பட்டையை வைத்து, குண்டூசி குத்தி, சக்கரத்தைக் காலால் மிதிக்காமல் கையாலேயே சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு தையலாகப் போட்டேன். அக்குள் வளைவுக்கு மட்டும் ஒரு மணி நேரம். வளைவில் கொஞ்சம் வழுக்கிவிட்டது, தெரிகிற இடமில்லை. நடுவில் இரண்டு முறை அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். இடதுகையால் கொண்டுவந்ததால் தட்டில் பாதி, டம்ளரில் பாதி. குடித்தேன். மூன்று நாள் ஆகும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன், இரண்டாம் நாளே முடித்துவிட்டேன்.

காதுகுத்து நாள் காலையில் அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நான் கூடத்தில் நின்றேன். உட்கார முடியவில்லை. உள்ளே வளையல் சத்தம். பிறகு பர்ரென்று பட்டை பிரிகிற சத்தம். நிசப்தம். மறுபடி பர்ர். கோணலாக ஒட்டிவிட்டது போலிருக்கிறது. “வரட்டுமா?” என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். மூன்றாவது முறை பர்ர் வரவில்லை. புடவை சரசரத்தது. வெகுநேரம் சரசரத்தது.

கதவு திறந்தது. மாம்பழ நிறப் பட்டு. ஒற்றைக் கையால் கட்டியதில் கொசுவம் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். கையில் ஒரு ஊக்கை நீட்டினாள்.

“தோள்ல இத மட்டும் குத்துங்க. உங்களுக்கும் ஏதாவது வேலை வேணும் இல்ல.”

குத்தினேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, விழுப்புரம் தாண்டும்வரை வெளியே வைத்த கண்ணை எடுக்கவில்லை. கரும்பு லாரிகளைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை. காது குத்தியதும் வீறிட்டு அழுதாள். கையிலிருந்து கைமாறி வந்த குழந்தையை மனைவி இடதுகையால் வாங்கிக்கொண்டாள். அது திமிறி, அவள் வலது விலாப்பக்கம் பிடித்து இழுத்ததில் பர்ரென்று நாலு விரற்கடை பிரிந்தது. மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடியது. மனைவி குழந்தையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, முந்தானைக்குள் இடதுகையை விட்டு, ஒரே அழுத்தாக அழுத்தி மூடினாள். யாரையும் கூப்பிடவில்லை.

பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி மனைவி. அந்தப் பெண் என் மனைவியின் ரவிக்கைப் பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது தெரிந்தது.

“அண்ணி, சூப்பரா இருக்கே இது. எங்கம்மாவுக்கும் கை தூக்க முடியல. எங்க தச்சீங்க?”

“திண்டிவனத்துல ஒருத்தரு. வயசான டெய்லரு.”

“நல்லா தைப்பாரா?”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னாள்.

“கேள்வி கேக்காம இருந்தா தைப்பாரு. சொன்ன நாளுக்கு மட்டும் குடுக்கமாட்டாரு.”

நான் ஒரு நாள் முன்னதாகவே முடித்துக் கொடுத்திருந்தேன். நோட்டில் பதிவும் இருக்கிறது. ஆனால் பரிமாறுகிறவர் வடைக்கூடையோடு என் இலைக்கு வந்துவிட்டதால் மறுப்புத் தெரிவிக்கவில்லை.